துவக்கு இல்லாத வாத்து வேட்டை

சென்ற ஆண்டு ஜெர்மனியில் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, பன்னிரண்டு வயதுப் பேரன் என்னைப் பெர்லின் நகரிலுள்ள கணினி விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றான். கார்ல் மார்க்ஸ் பெருந்தெருவில் 2011ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் இடம் அது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். எனக்கு அங்கே பார்க்க என்ன இருக்கப்போகிறது என்ற அலட்சியத்தோடுதான் போனேன்.

ஓரிடத்தில் அலுமாரி அளவில் ஒரு பழைய இயந்திரம் நின்றது. பெயர் பொலிப்பிளே. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு தன் வாழ்நாளில் தயாரித்த ஒரேயொரு பொது இட வீடியோ விளையாட்டு இயந்திரம் அது. 1980களின் நடுப்பகுதியில் உருவானது. மேலை நாடுகளின் பக்மான் விளையாட்டைப் பார்த்து, ஓநாயும் முயலும் துரத்திக்கொள்ளும் விளையாட்டாக மாற்றி அதில் வைத்திருந்தார்கள். அந்த நாடு 1990இல் இல்லாமற் போயிற்று. அதன் பிள்ளைகள் விளையாடிய இயந்திரத்தை மட்டும் யாரோ தூசு தட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பேரன் கேட்டான்: "அம்மப்பா, வன்னியில பிள்ளைகள் என்ன கேம் விளையாடினவை?"

"அங்க சண்டைதானே ராசா நடந்தது" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டான். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதிய ஒருவன் சொல்லக்கூடாத அரைகுறைப் பதில் அது. வன்னியில் பிள்ளைகள் விளையாடியதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்டும் எழுதவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வீடியோ விளையாட்டின் வரலாறு வழக்கமாக எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்து இளைஞர்கள் ஒரு பெரிய கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிச் சண்டையை எழுதினார்கள். 1972இல் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் முதல் வீட்டுக் கருவியான ஒடிசி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் 'பொங்' வந்தது. 1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பக்மான்', 1983இல் நின்டெண்டோவின் ஃபமிக்கொம் என்ற வீட்டுக் கருவி, 1985இல் 'சூப்பர் மாரியோ' என்று கதை வளர்கிறது.

அந்த ஒடிசிக் கருவியை வடிவமைத்த ரால்ஃப் பேர் என்பவரை வீட்டு வீடியோ விளையாட்டின் தந்தை என்கிறார்கள். அவர் 1938இல் நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பிச் சென்ற ஒரு யூதச் சிறுவன். இந்த வரலாற்றின் முதற்பக்கத்திலேயே ஓர் அகதிப் பிள்ளை நிற்கிறான். நமது அகதிப் பிள்ளைகளுக்கோ அதில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. வரலாறு எழுதுவோர் ஒரு பொருள் எங்கே, எந்த ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். அது யார் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது, அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்ற கணக்கை வைப்பதில்லை. இரண்டாவது கணக்கின்படி பார்த்தால் 1985ஆம் ஆண்டின் விளையாட்டு வன்னிக்கு வந்தது 2002இல். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளின் கதை நமக்கே உரியது. அதை நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்று. மின்சாரம் இல்லை. எரிபொருள் கிடைப்பது அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட காலத்திலும் சில வீடுகளில் உள்ளங்கை அளவான ஒரு விளையாட்டுக் கருவி இருந்தது. பிள்ளைகள் அதைப் 'பிரிக் கேம்' என்றார்கள். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். இது 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டின் ஏழை வீட்டு வடிவம். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியற் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னொவ் என்பவர் டெட்ரிசை உருவாக்கினார். படம் வரைய வசதியற்ற ஒரு கணினியில், அடைப்புக்குறிகளையே கட்டைகளாக்கி அதை எழுதினார். பற்றாக்குறையில் பிறந்ததாலோ என்னவோ, பற்றாக்குறை உள்ள இடங்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது. குறுக்கே பத்து, நெடுக்கே இருபது என்று மொத்தம் இருநூறு சதுரங்கள் கொண்ட சிறு திரை. பின்னொளி கிடையாது. எனவே அது மிகக் குறைந்த மின்சாரத்திலேயே ஓடும்.

இப்போது கனடாவில் வாழும் ஒரு பெண்மணி இதைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார். 1995 அக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அவருடையது. அண்ணனுக்கும் தங்கைக்குமாக ஒரு பிரிக் கேம். அதற்குரிய பற்றரி இரண்டும் உயிர் போய்க்கொண்டிருந்தன. காலையில் அவற்றைக் கழற்றி வெயிலில் காயவைப்பார்களாம். மாலையில் போட்டால் கால் மணி நேரம் ஓடுமாம். ஆனால் பற்றரியைக் கழற்றியதும் அதுவரை எடுத்த அதிகூடிய புள்ளி அழிந்துவிடும். ஆகவே அண்ணன் ஒரு கொப்பியின் பின்னட்டையில் திகதி போட்டு, யார் எத்தனை புள்ளி என்று எழுதி வந்திருக்கிறார்.

1996 செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியபோது அந்தக் குடும்பம் மறுபடியும் இடம்பெயர்ந்தது. கருவி பையில் வந்தது. கொப்பி வரவில்லை. "கேமை விட அந்தக் கொப்பி இருந்திருக்கலாம், மாமா" என்றார் அவர். அண்ணனைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு 2002 வந்தது. பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரல் 8ஆம் திகதி ஏ9 வீதி திறக்கப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வன்னிக்குப் போனோம். எங்களுக்கு முன்பே வியாபாரிகள் போய்விட்டார்கள். சீமெந்து, தகரம், சவர்க்காரம், குளிர்பானம் என்று ஏற்றிச் சென்ற லொறிகளில் ஒரு மூலையில் 'ரீவி கேம்' பெட்டிகளும் இருந்தன.

அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவை அனைத்தும் போலிகள். நின்டெண்டோவின் ஃபமிக்கொம் கருவிக்குள் பல சில்லுகள் செய்த வேலையை ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடி, சீனத்திலும் தைவானிலும் கோடிக்கணக்கில் செய்து தள்ளினார்கள். உறையில் பல்லாயிரம் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது சில பத்துத்தான். அவையே வேறு வேறு பெயரில் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். நின்டெண்டோவுக்கு இதில் ஒரு காசும் போயிருக்காது. ஆனால் உலகின் பாதிப் பிள்ளைகளுக்கு மாரியோவை அறிமுகம் செய்தவை இந்தப் போலிகளே. ரஷ்யாவில் 1992இல் இத்தகைய ஒரு போலியை 'டெண்டி' என்ற பெயரில் விற்றார்கள். அங்கே ஒரு தலைமுறையே இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிப் பழங்கதை பேசுகிறது.

அந்த ஆண்டில் விசுவமடுப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலைக் கண்டேன். வெளியே ஜெனறேற்றர் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டி, அதன்முன் பத்துப் பதினைந்து பையன்கள். காசு கொடுத்தவர் இருவர் விளையாட, மற்றவர்கள் பார்க்கலாம். அன்று திரையில் ஓடியது 'வாத்து வேட்டை'. 1984இல் நின்டெண்டோ வெளியிட்டது. புல்லுக்குள்ளிருந்து வாத்து எழுந்து பறக்கும். விளையாடுபவர் கையிலுள்ள பிளாஸ்டிக் துப்பாக்கியால் திரையை நோக்கிச் சுட வேண்டும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். காணாவிட்டால் வாத்து தப்பிவிடும். புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து பார்த்துச் சிரிக்கும்.

ஆனால் அந்தக் கொட்டிலில் துப்பாக்கி இருக்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன்.

"அதுகளை வவுனியாவிலேயே கழட்டி வைச்சிட்டுத்தான் ஐயா பெட்டியைக் கொண்டு வந்தனான். பார்க்கத் துவக்கு மாதிரி. வழியில எத்தனை சாவடி. ஏன் வீண் வில்லங்கம்?" என்றார்.

"அப்ப இதை எப்பிடி விளையாடுறாங்கள்?"

"அவங்கள் அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டாங்கள். பாருங்கோ."

பார்த்தேன். அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. ஒருவர் சுடும்போது, இன்னொருவர் சாதாரணக் கைப்பிடியின் பொத்தான்களை அழுத்தி வாத்தை அங்குமிங்கும் திருப்பிச் செலுத்தலாம். அந்தப் பையன்களிடம் சுடுவதற்கு எதுவும் இல்லை. எனவே அவர்கள் வாத்தை ஓட்டினார்கள். பக்கத்திலிருப்பவன் விரலை நீட்டி 'டுமீல்' என்று வாயால் சுடுவான். வாத்தை ஓட்டுபவன் அந்த விரலுக்கு அகப்படாமல் வளைந்து வளைந்து பறந்து, நேரம் முடிந்ததும் திரையின் மேலே போய் மறைந்துவிடுவான். நாய் எழுந்து சிரிக்கும். கொட்டில் முழுவதும் ஆரவாரம். கியோட்டோவில் அதை வடிவமைத்தவர்கள் நாயின் சிரிப்பைத் தோல்வியின் அடையாளமாக வைத்தார்கள். விசுவமடுவில் அது வெற்றிக்கு விழுந்த கைதட்டலாக இருந்தது.

அன்று என் குறிப்புப் புத்தகத்தில் ஒரேயொரு வரி எழுதினேன்: 'ரீவி கேம் கடை, துவக்கு இல்லை, வாத்து.' ஊர் திரும்பியதும் எழுதியவை எல்லாம் வேறு. மிதிவெடி, மீள்குடியேற்றம், வீதி வரி, பேச்சுவார்த்தை. அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனாலும் அந்த ஒரு வரிக்கு நான் எந்த நாளும் திரும்பிப் போகவில்லை. 'இது செய்தியல்ல' என்று என்னை யாரும் தடுக்கவில்லை. நானே அப்படி முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் பையன்களுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கலாம். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த ஆண்டுகளிலேயே அந்த வயதுப் பிள்ளைகள் வன்னியில் இயக்கத்தில் சேர்க்கப்பட்டதை யுனிசெப் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இராணுவத்திடம் வீழ்ந்தன. மக்கள் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்கால் கடற்கரையில் போய் முடிந்தார்கள். உயிர் தப்பியவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. விசுவமடுப் பையன்கள் 2009 மே மாதத்தில் ஏறத்தாழ இருபது வயது இளைஞர்கள். அவர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவனுடைய பெயரைக்கூட நான் எழுதி வைக்கவில்லை.

இங்கே சிலர் கேட்பார்கள், 'சோற்றுக்கும் மருந்துக்கும் வழியின்றிச் செத்த இடத்தில் விளையாட்டுச் சாமானைப் பற்றி என்ன பேச்சு? இது செத்தவர்களை மலினப்படுத்துவதாகாதா?' என்று. இக்கேள்வியை நான் மதிக்கிறேன். நானே 2002இல் இப்படித்தான் எண்ணினேன். இன்று என் எண்ணம் மாறிவிட்டது. நாம் நமது பிள்ளைகளைப் பட்டியல்களில் மட்டும் பதிவு செய்துவிட்டோம். இறந்தோர் பட்டியல், காணாமற் போனோர் பட்டியல், காயமடைந்தோர் பட்டியல். அந்தப் பட்டியல்கள் அவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லும். அவர்கள் யாராக இருந்தார்கள் என்பதைச் சொல்லாது. புள்ளிக் கணக்கைக் கொப்பியில் எழுதிய அண்ணனும், விரலுக்கு அகப்படாமல் வாத்தை ஓட்டிய பையனும் அந்தப் பட்டியல்களில் வெறும் எண்கள். அவர்கள் சிரித்த நாளையும் சேர்த்து எழுதினால்தான் இழந்தது இன்னதென்று அடுத்த தலைமுறைக்கு விளங்கும்.

'சண்டைக்குள் வாழ்ந்த பிள்ளைகளுக்குச் சுடுகிற விளையாட்டு எதற்கு?' என்று வேறு சிலர் கேட்கலாம். டாங்கிச் சண்டை, இராணுவச் சண்டை விளையாட்டுகளும் அந்தப் பெட்டிகளில் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டை வடிவமைத்தவனின் நோக்கமும் அதை விளையாடுகிறவனின் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தக் கொட்டிலில் நான் கற்றுக்கொண்டேன்.

போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2014இல் 'திஸ் வோர் ஆஃப் மைன்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. முற்றுகைக்குள் அகப்பட்ட நகரத்தில் உணவும் மருந்தும் தேடி உயிர் பிழைக்க முயலும் பொதுமக்களின் கதை அது. சரயேவோ முற்றுகையின் அனுபவங்களைக் கேட்டறிந்து அதைச் செய்தார்கள். 2020இல் போலந்து அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் அதைச் சேர்த்தது. சரயேவோ மக்கள் தங்கள் முற்றுகைக் காலத்தை எழுதியும் பேசியும் வைத்ததால்தான் வேறொரு நாட்டவரால் அதைச் செய்ய முடிந்தது. நாளை வன்னியைப் பற்றி ஒருவர் அப்படி ஒன்றைச் செய்ய வந்தால் அவர் கையில் நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?

காலமும் அதிகம் இல்லை. அமெரிக்காவிலேயே நிலைமை மோசம். 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் கண்டறிந்தது. அனைத்தும் உள்ள நாட்டிலேயே இப்படியென்றால், வீட்டோடு வீதியும் அழிந்த நாட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி எங்கே மிஞ்சும்? பெட்டி போனாலும் குற்றமில்லை, அந்த விளையாட்டை இன்றைய கணினியில் ஓட்ட முடியும். மிஞ்சியிருக்க வேண்டியது நினைவு. அது இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் இருக்கிறது.

ஆகவே நான் சில காரியங்களைக் கேட்கிறேன். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தி வருகிறது. வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அதில் போர்க்காலப் பிள்ளைகளின் விளையாட்டுகளுக்கு ஒரு பகுதி அமைய வேண்டும். கிட்டியும் பிள்ளையாரும் மட்டும் போதாது, பிரிக் கேமும் ரீவி கேமும் அதில் வர வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு கணினி படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊரில் எந்தக் கருவி எப்போது வந்தது, எந்த மின்சாரத்தில் ஓடியது, யார் பழுது பார்த்தார் என்று கேட்டு எழுதினால் அது நல்லதோர் ஆய்வாகும். டைனமோவையும் பழைய வானொலியையும் பிரித்து மாட்டிய கைகளிலிருந்தே அந்த ஊர்களின் தொழில்நுட்ப வரலாறு தொடங்குகிறது.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களிடமும் ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டில் வன்னியில் வளர்ந்த ஒருவர் இருப்பார். அவரிடம் போரைப் பற்றிக் கேட்டால் பேசமாட்டார். என்ன விளையாடினாய் என்று கேட்டுப் பாருங்கள். சொன்னதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பெர்லினிலிருந்து திரும்புவதற்கு முதல்நாள் பேரனைப் பக்கத்தில் இருத்தி, அந்தக் கொட்டிலின் கதையைச் சொன்னேன். அவன் உடனே தன் கணினியில் அந்த விளையாட்டைத் தேடி எடுத்தான். சுடுவதற்கு எதையும் பொருத்தவில்லை. வாத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தான். மூன்று முறை தப்ப வைத்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அம்மப்பா, அந்த அண்ணாக்களுக்கு என்ன பேர்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விசுவமடுவில் 2002இல் அந்தக் கொட்டிலில் இருந்தவர் எவரேனும் இதை வாசித்தால், உங்கள் பெயரை எனக்கு அறியத் தாருங்கள். இந்த முறை எழுதி வைப்பேன்.